சின்த் என்வலப்: சறுக்கும் இடங்கள்

சின்தசைசரில் ஒரு நோட்டின் ஒலி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது ஒலியளவு என்வலப். அதில் நான்கு குமிழ்கள்: அட்டாக் (ஒலி உச்சத்துக்கு ஏறும் நேரம்), டிகே (அங்கிருந்து சஸ்டெயினுக்கு இறங்கும் நேரம்), சஸ்டெயின் (கீயைப் பிடித்திருக்கும்வரை நிற்கும் அளவு), ரிலீஸ் (விரல் எடுத்தபின் அடங்கும் நேரம்). மூன்று நேரத்தைச் சொல்பவை. சஸ்டெயின் மட்டும் அளவைச் சொல்வது. இது மனதில் பதியாததால்தான் பாதிக் குழப்பம். விரல் எடுத்ததும் ஒலி அறுந்துபோகிறதே என்று சஸ்டெயினை ஏற்றுவார்கள். அதற்குத் திருப்ப வேண்டியது ரிலீஸ். சஸ்டெயினை உச்சத்தில் வைத்துவிட்டு டிகேயை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது, ஒலி இறங்க இடமே இல்லையே.

தந்தியை மீட்டியது போன்ற ஒலிக்கு அட்டாக் 2 மில்லிசெகண்ட், டிகே 300, சஸ்டெயின் சுழியம் என்று சரியாகவே வைப்பார்கள். ரிலீஸ் மட்டும் 10-இல் கிடக்கும். கீயை அழுத்திப் பிடித்தால் அருமையாகக் கேட்கும். வேகமாக வாசித்தால் ஒவ்வொரு நோட்டும் தொண்டையை நெரித்த மாதிரி நிற்கும். டிகே முடியும் முன்பே விரல் எழுந்துவிடுகிறது, ரிலீஸ் உடனே வெட்டிவிடுகிறது. ரிலீஸையும் 300 வாக்கில் வையுங்கள். 1970-இல் வந்த மினிமூக் சின்தசைசரில் ரிலீஸுக்கெனத் தனிக் குமிழே கிடையாது. டிகே சுவிட்சைப் போட்டால் டிகே நேரமே ரிலீஸுக்கும் பொருந்தும். அந்த ஏற்பாடு மீட்டொலிக்கு இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. ஒலியை அமைக்கும்போது கீயைப் பிடித்துக்கொண்டே கேட்காதீர்கள், தட்டித் தட்டி விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது 'டிக்' சத்தம். அட்டாக் சுழியத்தில் இருந்தால் அலை நடுவழியில் திடீரென்று தொடங்கக்கூடும். அந்தத் தாவல்தான் டிக். 2 முதல் 5 மில்லிசெகண்ட் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பேஸில் (தாழ்ந்த சுருதி ஒலியில்) முடிவிலும் இதே தொல்லை: 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 20 மில்லிசெகண்ட் ஆகும். அதை 3 மில்லிசெகண்டில் அணைத்தால் சத்தம் வரத்தான் செய்யும். ரிலீஸுக்கு 20, 30 கொடுங்கள். மென்மையான சைன் அலை பேஸில் இது அப்பட்டமாகத் தெரியும், கூர்மையான ஒலிகளில் ஒளிந்துகொள்ளும். தாள ஒலிக்கு அந்த டிக்கே வேண்டும் என்றால் விட்டுவிடலாம்.

பேட் ஒலியில் (பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலியில்) ரிலீஸை 2 செகண்டுக்கு நீட்டுவது பலருக்கும் பழக்கம். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 பீட்) அது நான்கு பீட். போன கார்டின் (சேர்த்து அழுத்திய நோட்டுகளின்) வால் புதிய கார்டுக்கு அடியில் கிடந்து சேறாக்கும். வாய்ஸும் தீரும், ஒரே நேரத்தில் இத்தனை நோட்தான் ஒலிக்கும் என்ற வரம்பு அது. ஜூனோ-106 சின்தசைசரில் இருப்பதே 6 வாய்ஸ்: நான்கு நோட் கார்டின் வால் அடங்குமுன் இன்னொரு நான்கு நோட் கார்டை அழுத்தினால், பழையதில் இரண்டு நோட் பட்டென்று அறும். ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற எஃபெக்ட்) போடுவதாக இருந்தால் ரிலீஸை 500-க்குக் குறைத்துவிட்டு, வாலை ரிவெர்பிடம் விடுங்கள்.

அதே வேகத்தில் 400 மில்லிசெகண்ட் அட்டாக் என்றால், ஏறக்குறைய ஒரு பீட் தாமதமாகத்தான் ஒலி நிறையும். வாசித்தவர் தாளம் பிசகவில்லை. நோட்டைக் கொஞ்சம் முன்னுக்கு இழுங்கள், அல்லது அட்டாக்கை 80-க்கு இறக்குங்கள்.

ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டருக்கும் தனி என்வலப் உண்டு. அந்த ஃபில்டர் என்வலப்பின் ரிலீஸை மட்டும் நீட்டிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஒலியளவு என்வலப் மூடிய பிறகு ஃபில்டர் என்ன செய்தாலும் காதுக்கு வராது.