பழைய ஃபிளாப்பியிலிருந்து பாட்டை மீட்கும்போது செய்யக் கூடாதவை

1985-இல் வந்த அமிகா, அட்டாரி எஸ்.டி. என்ற வீட்டுக் கணினிகள் ஐரோப்பாவில் பல இளைஞர்களுக்கு முதல் இசைக்கூடமாக இருந்தன. அமிகாவில் நான்கு தடங்களில் ஒலித்துண்டுகளை அடுக்கி ‘மாட்’ எனும் பாட்டுக் கோப்புகள் செய்தார்கள். இசைக்கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் மிடி இணைப்பு உள்ளேயே அமைந்த அட்டாரியில் க்யூபேஸ், நோட்டேட்டர் போன்ற நிரல்களில் பாட்டு கட்டினார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி இன்னும் 3.5 அங்குல இரட்டை அடர்த்தி ஃபிளாப்பிகளில்தான் கிடக்கிறது. வயதாகிவிட்டதால் மட்டும் அவை அழிவதில்லை. மீட்க இறங்கியவரின் அவசரத்தாலும் நிறைய அழிகிறது. நலிந்த வட்டு முதல் தடவை தருவதை அடுத்த தடவை தரும் என்று நம்ப முடியாது. அதனால் அந்த முதல் தடவைக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

பார்க்காமல் டிரைவில் தள்ளாதீர்கள்

உலோக மூடியை நகர்த்தி, நடுவிலுள்ள உலோகத் தட்டைச் சுழற்றி, சாய்வான வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். வெண்புள்ளியோ நூலாம்படை போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் பெட்டிக்குள் வைத்த வட்டிலும் அது வளரும். வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் அங்கே காந்தப் பூச்சு உரிந்துவிட்டது. வட்டின் அந்தத் தடத்தில், அதாவது தரவு எழுதிய அந்த வளையத்தில், இருந்தது திரும்பாது.

பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே ஓட்டினால் அழுக்கு டிரைவின் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு பூச்சைச் சுரண்டும். அடுத்து போடும் நல்ல வட்டையும் அதே ஹெட் சுரண்டும். ஒரு பெட்டி வட்டுகள் ஒரே மாலையில் நாசமாவது இப்படித்தான். உறையின் ஓரத்தை மெல்லிய தகட்டால் பிரித்து, உள்ளிருக்கும் படலத்தை விளிம்பைப் பிடித்து வெளியே எடுங்கள். பஞ்சு உதிராத துணியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து மெதுவாகத் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். 70% கலவையில் தண்ணீர் அதிகம்; அது வேண்டாம். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் பூச்சையே கரைக்கும். பழைய உறையின் உள்துணியில் பூஞ்சை தங்கியிருக்கும் என்பதால், ஏதாவது ஒரு காலி ஃபிளாப்பியின் சுத்தமான உறைக்கு மாற்றுங்கள். முகக்கவசம் கட்டிக்கொண்டு, மற்ற வட்டுகள் இல்லாத அறையில் இதைச் செய்யுங்கள்.

சந்தேகமான ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் ஹெட்டை அதே ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மேல் ஹெட்டைத் தாங்கும் தகடு மெலிது, அதை விரலால் தூக்காதீர்கள். ஓடும்போது சீரான முனகல் இயல்பு. கீச்சென்று கேட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள், ‘இந்தத் தடம் முடியட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்.

எழுதும் வழியைத் திறந்து வைக்காதீர்கள்

3.5 அங்குல வட்டில் மூலைச் சதுரத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது, அதுதான் பாதுகாப்பு. 5.25 அங்குலத்தில் நேர்மாறு: வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் பாதுகாப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

‘வெறுமனே பார்க்கத்தானே போகிறோம்’ என்பதும் தவறு. விண்டோஸ் 95, 98 இரண்டும் எழுதத்தக்க வட்டைத் தொட்டவுடன் அதன் பூட் செக்டரில் (தடத்தைப் பிரித்த துண்டுகளே செக்டர்கள், இது வட்டின் முதல் துண்டு) தம் அடையாளத்தைப் பதித்துவிடும். புதிய விண்டோஸ் தனக்குப் புரியாத வட்டைக் கண்டால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். பழக்கதோஷத்தில் ஒரு சொடுக்கு போதும். அமிகாவோடு வந்த டிஸ்க்டாக்டர் என்ற பழுதுநீக்கி வட்டின் மேலேயே எழுதி, அதற்கு ‘லாசரஸ்’ என்று பெயரும் மாற்றிவிடும். பழுது பார்ப்பதெல்லாம் நகலில் மட்டுமே.

யு.எஸ்.பி. டிரைவை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள்

கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஃபிளாப்பி டிரைவுக்குப் பெரும்பாலும் பி.சி.யின் 720 கே.பி., 1.44 எம்.பி. அமைப்புகள் மட்டுமே தெரியும். அமிகா ஒரு தடத்தில் 11 செக்டர்களை இடைவெளியில்லாமல் தன் பாணியில் எழுதும். மொத்தம் 880 கே.பி. அதை அந்த டிரைவால் ஒருபோதும் படிக்க முடியாது. அட்டாரி வட்டு வழக்கமாக 9 செக்டர், 720 கே.பி.; ஆனால் இடம் மிச்சப்படுத்த 10 செக்டரில் ஃபார்மேட் செய்தவர்கள் ஏராளம். ஒலியைப் பதிந்து வாசிக்கும் கருவியான என்சோனிக் ஈ.பி.எஸ். சாம்ப்ளரும் 10 செக்டர்தான். அக்காய் எஸ் 900 சாம்ப்ளரில் 1,024 பைட் கொண்ட 5 செக்டர்கள். இவற்றையெல்லாம் யு.எஸ்.பி. டிரைவ் ‘கெட்ட வட்டு’ என்றே சொல்லும். அந்தப் பேச்சை நம்பி எத்தனையோ நல்ல வட்டுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்பது வேதனை.

தேவைப்படுவது, பழைய பி.சி.க்குள் இருந்த 3.5 அங்குல டிரைவ், 34 பின் கேபிள், அதை இன்றைய கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் அல்லது கிரையோஃப்ளக்ஸ் போன்ற மின்பலகை ஒன்று. டிரைவுக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். நான்கு பின் மின் இணைப்பில் ஒரு ஓரம் 5 வோல்ட், மறு ஓரம் 12 வோல்ட். திருப்பிச் செருகினால் டிரைவ் அங்கேயே எரியும்.

இன்னொன்று: அதிக அடர்த்தி வட்டில், எழுத்துத் தடைத் துளைக்கு எதிர்ப்பக்கம் வகையைக் காட்டும் துளையை ஒட்டுத்தாளால் மூடி இரட்டை அடர்த்தியாகப் பயன்படுத்துவது அக்கால வழக்கம். அந்தத் தாளைச் சுத்தம் செய்வதாக நினைத்து உரிக்காதீர்கள், டிரைவ் வட்டின் வகையையே தப்பாகப் புரிந்துகொள்ளும்.

கோப்பை மட்டும் நகலெடுக்காதீர்கள்

முதலில் எடுக்க வேண்டியது ஃப்ளக்ஸ் பதிவு, அதாவது காந்த மாற்றங்களின் நேரக்கணக்கை அப்படியே பதிந்த கச்சாத் தரவு. ஒரு தடத்துக்கு 5 சுற்று வையுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு சுற்று 0.2 வினாடி, 160 தடங்களுக்கு 160 வினாடி, நகரும் நேரம் தனி. மூன்று நிமிடம் செலவழித்தால் இனி வட்டைத் தொடாமலே எத்தனை தடவையும் ஆராயலாம். 80 சிலிண்டரோடு (இரு பக்கத்திலும் நேரெதிரான இரண்டு தடங்கள் சேர்ந்தது ஒரு சிலிண்டர்) நிறுத்தாமல் இரண்டைக் கூட்டிப் படியுங்கள், சிலர் 82 வரை எழுதியிருப்பார்கள்.

பிறகுதான் அதிலிருந்து இமேஜ் கோப்பு, அதாவது வட்டின் எல்லாச் செக்டர்களும் அடங்கிய ஒரே கோப்பு. அமிகா இமேஜ் சரியாக 901,120 பைட் இருக்கும். ஆனால் அளவு சரியாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது, படிக்க முடியாத இடங்களையும் நிரல் ஏதாவது போட்டு நிரப்பியிருக்கும். 1,760 செக்டர்களில் எவை தவறின என்ற பட்டியலை எடுத்து வையுங்கள். தவறியவற்றை வேறொரு டிரைவில் படித்துப் பாருங்கள். எழுதிய டிரைவின் ஹெட் சற்று விலகியிருந்தால், அதேபோல் விலகிய இன்னொரு டிரைவ் அதை எளிதாகப் படித்துவிடும்.

ஒரு செக்டர் போனால் என்ன போகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். மாட் கோப்பில் ஒரு வரிசைக்கு 16 பைட், 64 வரிசை கொண்ட ஒரு பேட்டர்னுக்கு, அதாவது பாட்டின் ஒரு பகுதிக்கு, 1,024 பைட். அங்கே ஒரு செக்டர் போனால் ஏறக்குறைய அரை பேட்டர்ன் போய்விடும். வழக்கமான வேகத்தில் நான்கு வினாடிக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பேட்டர்ன் பாட்டில் ஐந்து தடவை வந்தால் ஐந்து இடத்திலும் ஓட்டை விழும். அதே இழப்பு ஒலித்துண்டுக்குள் நேர்ந்தால் 0.06 வினாடி ‘டிக்’ சத்தம்தான். அமிகா வட்டின் நடுவில், 880-ஆவது செக்டரில் கோப்புகளின் மூலப் பட்டியல் இருக்கிறது. அது கெட்டால் வட்டு முழுதும் காலி போலத் தெரியும், ஆனால் பாட்டுகள் அப்படியே இருக்கும். பழைய கோப்பு முறையில் ஒவ்வொரு தரவுச் செக்டரும் தான் எந்தக் கோப்பின் எத்தனையாவது துண்டு என்று தலைப்பில் வைத்திருப்பதால், துண்டுகளைக் கோத்துவிடலாம்.

கோப்பு வந்தது, பாட்டு வரவில்லை

அமிகாவில் ‘மாட்’ என்ற அடையாளம் பெயரின் முன்னால் வரும். இன்றைய கணினி பின்னால் தேடும். பெயரை மாற்றினாலே பல கோப்புகள் திறக்கும். தொடக்கத்தில் ‘பி.பி.20’ என்றிருந்தால் பவர்பேக்கர் என்ற நிரலால் சுருக்கியது, மாட் கோப்புகளைத் திறக்கும் இன்றைய நிரலான ஓப்பன் எம்.பி.டி. அதை விரித்துக்கொள்ளும். 1987-இல் வெளிவந்த அமிகா இசை நிரலான சவுண்ட்டிராக்கரின் ‘சாங்’ கோப்புகளில் சுரங்கள் மட்டுமே இருக்கும், ஒலித்துண்டுகள் ‘எஸ்.டி.-01’ போன்ற தனி வட்டுகளில் இருக்கும். பாட்டு வட்டை மீட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த அந்த வட்டை விட்டுவிட்டால் மௌனம்தான் மிஞ்சும்.

அட்டாரியின் க்யூபேஸ் கோப்புகளை இன்றைய க்யூபேஸில் திறக்கப் போராட வேண்டாம். இன்றைய கணினியை அட்டாரி போல இயங்கவைக்கும் ஹட்டாரி எமுலேட்டரிலோ உண்மையான அட்டாரியிலோ மூல நிரலைத் திறந்து, பொது மிடி கோப்பாக, தடங்கள் தனித்தனியாக இருக்கும் 1-ஆம் வகையில் சேமியுங்கள். க்யூபேஸுக்கு, அட்டாரியின் கார்ட்ரிட்ஜ் துளையில் செருகும், நகல் தடுப்பு விசை உண்டு. வட்டுகளோடு அதையும் தேடி எடுத்து வையுங்கள். மிடி கோப்பு ஒலிக்கும்போது வயலின் இருந்த இடத்தில் டிரம்பெட் கேட்டால் கோப்பு கெட்டதாக நினைக்காதீர்கள். எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று பொதுவாக வகுத்த ஜெனரல் மிடி 1991-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாட்டுகளில் உள்ள ஒலி எண்கள் அவரவர் சிந்தசைஸருக்கானவை. எந்தக் கருவி என்று வட்டின் மேல்தாளில் எழுதியிருக்கலாம், ஆகவே தாளை உரிக்கும் முன் படம் எடுங்கள்.

ஃப்ளக்ஸ், இமேஜ், பிரித்த கோப்பு, கேட்பதற்கான வேவ் பதிவு நான்கையும் வட்டின் எண்ணிலேயே பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். தவறிய செக்டர் ஒன்றாவது இருக்கும் வட்டைத் தூக்கிப் போடாதீர்கள், இன்னொரு டிரைவில் அது படிக்கப்படலாம்.