ஃபீல்டு வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு பட்டறைக்காரன் சொல்வது

கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் வாட்சைக் கையில் கட்டிவிடாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் வைத்து, ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மணி என்ன, நிமிடம் எத்தனை என்று தடுமாறாமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் மேற்கொண்டு பேசலாம். முடியவில்லை என்றால், பெட்டியில் ராணுவப் பச்சை எவ்வளவு பூசியிருந்தாலும் அது போர்க்களத்துக்கென்று வந்த ஃபீல்டு வாட்ச் வகை இல்லை, வேஷம்.

கோவை கணபதியில் எனக்கு லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்ட், புஷ் எல்லாம் கடைந்து கொடுக்கிறோம். பொழுதுக்கும் கையில் எண்ணெய் இருப்பதால் மணி பார்க்க போனை எடுக்க முடியாது. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், பளபளப்பு இல்லாத கேஸ் என்கிற அமைப்பு எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை.

இந்த அமைப்பு அழகுக்காக வந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் எல்ஜின், வால்தம், புலோவா கம்பெனிகளிடம் வாங்கிய ஏ-11 வாட்சில் சாவியை, அதாவது பக்கத்தில் இருக்கும் திருகு குமிழை, வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடும். பத்துப் பேர் ஒரே நொடியில் நேரத்தைச் சேர்த்து வைக்க அந்த ஏற்பாடு. பிரிட்டிஷ்காரர்களும் ராணுவத்துக்கென்று ஒரு வாட்சை 12 கம்பெனிகளிடம் செய்து வாங்கினார்கள். பிறகு 1964-ல் அமெரிக்காவில் வாட்சுக்கென்று வந்த ராணுவ விதி, மலிவாகச் செய், கெட்டால் தூக்கிப்போடு என்கிற கணக்கில் எழுதப்பட்டது. இன்றைக்கு அதே முகத்துக்கு நாம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கெட்டால் தூக்கிப்போடவும் மனசு வராது. விலை பேசும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். 36-லிருந்து 39 மி.மீ. போதும். அதைவிட முக்கியம், பட்டை மாட்டும் மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை எவ்வளவு என்பது. வெர்னியரோ ஸ்கேலோ வைத்து மணிக்கட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். கொம்பு அதைத் தாண்டினால் சட்டைக் கையில் மாட்டிக்கொண்டே இருக்கும். உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை எண் போட்ட டயல் ரயில் நேரம் பார்க்க உதவும், மற்றபடி கண்ணுக்குக் கூட்டம்தான். தேதி இல்லாததுதான் எனக்கு நிஜமான குறை. ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல் நல்ல வாட்ச். 38 மி.மீ., சாவி கொடுத்தால் 80 மணி நேரம் ஓடும். ஆனால் பில் எழுதும்போது தேதிக்குக் காலண்டரைத் தேட வேண்டும்.

சாவி கொடுப்பதா, பேட்டரியா? எங்கள் ஊர்ப் பக்கம் இதை முடிவு செய்வது காந்தம். சர்ஃபேஸ் கிரைண்டரில் இரும்பைப் பிடித்து வைக்கும் காந்தச் சக், டயல் கேஜ் மாட்டும் மேக்னெட் ஸ்டாண்டு, ஸ்பீக்கர் என்று எல்லாவற்றிலும் அது உண்டு. சாவி வாட்சின் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் காந்தமானால், அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கும். நேற்று வரை சரியாக ஓடியது இன்றைக்குத் திடீரென நிமிடக் கணக்கில் முந்தினால், ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஒரு காம்பஸ் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முள் நன்றாக ஆடினால் காந்தம்தான். டிமேக்னடைசர் கருவி வைத்திருக்கும் வாட்ச்காரர் காந்தத்தை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார், கேஸைத் திறக்கவே வேண்டாம். பேட்டரி வாட்ச் காந்தத்துக்கு அருகே நின்றாலும் விலக்கினால் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் திருத்தினால் போதும். அதனால் மோட்டார், கிரைண்டர் வேலைக்காரர்களுக்கு நான் பேட்டரியோ சோலாரோதான் சொல்வேன். சிட்டிசன் பிஎம்8180 சோலாரில் ஓடுவது. 37 மி.மீ., நாளும் தேதியும் உண்டு, 100 மீட்டர் நீர்க்காப்பு.

இனி பட்டை. நைலானில் ஒரே நீளமாக வாட்சின் அடியில் நுழைந்து வரும் பட்டையை பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் விதியாகவே எழுதி வைத்தது. ஒரு பக்கப் பின் உடைந்தாலும் வாட்ச் இன்னொரு பின்னில் தொங்கும், கீழே விழாது. தோட்டத்துக்கும் மலைக்கும் இதைவிட நல்ல பட்டை இல்லை. லேத்துக்கு முன்னால் நிற்பவனுக்கு இதைவிட மோசமான பட்டையும் இல்லை. அறாததும் கழலாததும்தான் அதன் பெருமை. இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் சிக்கினால் அந்தப் பெருமையே கையையும் சேர்த்து இழுத்துவிடும். என் பட்டறையில் வாட்ச், மோதிரம், சாமி கயிறு எதுவும் மெஷினுக்கு அருகே வரக்கூடாது. புதிதாக வரும் பையன்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். வாட்ச் சுவர் ஆணியில் தொங்கும், அங்கிருந்தே மணி தெரியும். டயலைப் பெரிய எழுத்தில் எடுத்ததன் பலன் அப்போதுதான் புரியும்.

தோல் பட்டை சித்திரை, வைகாசி வேர்வைக்குத் தாங்காது, நாற்றம் பிடித்துவிடும். நைலானை ராத்திரி சோப்புப் போட்டு அலசினால் காலையில் காய்ந்திருக்கும். ஈரோடு மஞ்சள் மண்டியில் வேலை என்றால் வெளிர் காக்கிப் பட்டை வேண்டாம், கறுப்பு எடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் இந்த வகை வாட்ச் பலரை ஏமாற்றுகிறது. முரட்டு முகம், உள்ளே பல மாடல்களில் வெறும் 30 மீட்டர்தான். 30 மீட்டர் என்றால் மழைத் தூறலும் கை கழுவுவதும், அவ்வளவுதான். கிணற்றில் குதிக்கிற ஆளாக இருந்தால் 100 மீட்டருக்குக் குறையாதீர்கள். பேட்டரி மாற்றும்போதெல்லாம் ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அக்கா மகன் கேட்டான்: “ஏனுங்க மாமா, ராத்திரி மூணு மணிக்கு மோட்டார் போட எந்திரிச்சா மணி தெரியுமுங்களா?”

நியாயமான கேள்வி. இருட்டில் மின்னும் பூச்சு வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டுதான் மின்னும். தூங்கப் போகும்போது பளிச்சென்று இருப்பது விடியற்காலையில் மங்கிப்போகும். ஃபீல்டு வாட்ச் பலவற்றில் பூச்சு மெல்லிசு வேறு. ராத்திரிதான் உங்கள் வேலை நேரம் என்றால் டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் ஸ்கவுட் பாருங்கள். சாவியை அழுத்தினால் டயல் முழுக்க வெளிச்சம் வரும். டிக் டிக் சத்தம் கேட்கும், தலையணைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போர்க்காலப் பழைய வாட்ச் கிடைத்தால் அதன் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்ட வேண்டாம். அன்றைக்குப் பூசியது கதிர்வீச்சு உள்ள நிஜ ரேடியம்.

பழசு என்றதும் எச்எம்டி ஜவானைக் கேட்பார்கள். நம் ராணுவத்துக்கென்று வந்த சாவி வாட்ச், 17 ஜுவல் (உள்ளே தேய்மானம் குறைக்க வைக்கும் கற்கள்). எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் அரசு முடிவெடுத்த பிறகு ஆன்லைனில் ‘புத்தம் புது ஜவான்’ நிறைய முளைத்தன. கேஸில் கீறல் இருக்க, டயல் மட்டும் கல்யாணப் பெண் போல இருந்தால் மறுபடி அச்சடித்த டயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வைத்து எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறதா பாருங்கள். சாவி கொடுக்கும்போது கரகரக்கிறதா, நொடி முள் தயங்குகிறதா என்றும் கவனியுங்கள். கண்ணாடியில் கீறல் இருந்தால் கவலை வேண்டாம். பிளாஸ்டிக்தான், டூத்பேஸ்ட் வைத்துத் துணியால் தேய்த்தால் போய்விடும். பழைய ஜவானுக்குத் தண்ணீர் மட்டும் காட்டவே கூடாது.

அக்கா மகன் கடைசியில் டைமெக்ஸ்தான் எடுத்தான். கூடவே இரண்டு நைலான் பட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னேன், ஒன்று கையில், ஒன்று கொடியில். வாங்கும் முன் கொம்புகளுக்கு நடுவே அளந்துகொள் என்றும் சொல்லியிருக்கிறேன். 18 மி.மீ. இடத்தில் 20 மி.மீ. பட்டை நுழையாது.