மாஸ்டடான் சர்வரில் திடீர்க் கூட்டமா?

புதியவர்கள் குவிந்து, நீங்கள் நடத்தும் மாஸ்டடான் (சமூக வலைத்தள மென்பொருள்) சர்வர் திணறினால், பெரிய மெஷினுக்குப் பணம் கட்டும் முன் அதன் பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக்கை வேலை வரிசை வாரியாகப் பிரித்து, தனித்தனி புராசஸாக ஓட விடுங்கள். டிஃபால்ட் (உள்ளூர் வேலைகள்), இன்கிரஸ் (வெளியிலிருந்து வருபவை), புஷ் (வெளி சர்வர்களுக்கு அனுப்புபவை), புல் (வெளியிலிருந்து எடுத்து வருபவை) ஆகிய வரிசைகள் எல்லாவற்றையும் ஒரே புராசஸ் 25 திரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் 25 வேலைகளாக, சுமக்கும்போது, பதிலே தராத ஏதோ ஒரு வெளி சர்வருக்காகத் திரெட்டுகள் காத்துக் கிடக்கும். ஹோம் டைம்லைனும் அப்படியே நின்றுவிடும். பிரித்துவிட்டால் அந்த நெரிசல் புஷ் வரிசையோடு நின்றுவிடும். நேரம் குறித்த வேலைகளுக்கான ஷெட்யூலர் வரிசை மட்டும் ஒரே ஒரு புராசஸில்தான் இருக்க வேண்டும், அவசரத்தில் மறந்துவிடாதீர்கள். அப்புறம், திரெட்டுக்கு ஒரு டேட்டாபேஸ் இணைப்பு என்று கணக்குப் போடுங்கள். மாஸ்டடானின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அனுமதிப்பது 100 இணைப்புகள்தான்; தாண்டினால், இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வேண்டும். டேட்டாபேஸ் டிஸ்க்கே ஏற்கெனவே திக்குமுக்காடினால் இந்த வழி வேண்டாம், இன்னும் மோசமாகும்.