ஏற்காட்டு மலையில் டவர் இல்லாமல் மேப் பார்ப்பது, போன பாதையைப் பதிவது: முதல் முறை செய்பவர்களுக்கு

மலையில் டவர் போனதும் "ஜிபிஎஸ் வேலை செய்யல" என்று மேப்பை மூடிவிடுகிறவர்கள் அதிகம். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை உங்கள் போன் கேட்கிறது, அவ்வளவுதான். போன் அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை, டேட்டாவும் செலவாகாது. டவர் போனால் காணாமல் போவது நீலப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வரைபடம். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சேர்வராயன் மலையில் எந்த எஸ்டேட் ரோட்டில் நின்றாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரியும்.

இந்தப் பதிவு ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு. ஆப் இன்ஸ்டால் செய்வது, பர்மிஷன் கொடுப்பது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐபோன்காரர்களுக்குக் கடைசியில் ஒரு குறிப்பு இருக்கிறது.

எந்த ஆப்?

என் தேர்வு ஆஸ்மாண்ட். மெனுக்கள் கொஞ்சம் குழப்பும், ஆனால் மேப், பதிவு, உயரம் என்று வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் இருக்கும். ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் இத்தனை மேப்தான் இறக்கலாம் என்று வரம்பு உண்டு. நமக்குத் தமிழ்நாடு ஒன்று போதும் என்பதால் அது பிரச்சினை இல்லை. மலையின் உயரக் கோடுகளும் காசில்லாமல் வேண்டுமென்றால், இலவச ஓபன் சோர்ஸ் ஆப்களுக்கான எஃப்-டிராய்டு என்ற ஸ்டோரில் இருக்கும் பதிப்பை எடுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுக்க ஆர்கானிக் மேப்ஸ் நல்லது. திறந்தால் மேப், தொட்டால் வழி, விளம்பரம் கிடையாது.

கூகுள் மேப்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். சேலத்துக்குள் கடை தேட, ஐந்து ரோட்டில் நெரிசல் பார்க்க அதுதான் சரி. அதிலும் ஆஃப்லைன் மேப் இறக்கலாம், காரில் போக வழியும் சொல்லும். ஆனால் டவர் இல்லாதபோது நடந்து போகும் வழி தராது. காபித் தோட்டத்து ஒற்றையடிப் பாதைக்கு அதை நம்பிப் போக முடியாது.

கூடவே ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற சின்ன ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தச் செயற்கைக்கோள் தெரிகிறது, சிக்னல் எவ்வளவு பலம் என்று காட்டும். உயரம் பற்றிய பகுதியில் இது கட்டாயம் வேண்டும்.

வீட்டில் வைஃபையில் செய்ய வேண்டியது

ஆஸ்மாண்டில் மேப் இறக்கும் பக்கத்துக்குப் போய் ஆசியா, இந்தியா, தமிழ்நாடு என்று இறங்கி, தமிழ்நாடு மேப்பை எடுங்கள். அப்புறம் உலக மேப்கள் என்ற பிரிவில் "உயரத் திருத்தம்" என்ற பொருளில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதையும் இறக்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். பிளக்-இன் (கூடுதல் வசதிகள்) பட்டியலில் பயணப் பதிவை ஆன் செய்யுங்கள்.

முடித்ததும் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு ஆப்பைத் திறந்து ஏற்காட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். ஏரி, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில், குப்பனூருக்கு இறங்கும் ரோடு எல்லாம் பெரிதாக்கினாலும் தெளிவாகத் தெரிந்தால் சரி.

பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுப்பது

இதைச் செய்யாமல் போனால் மற்ற எல்லாமே வீண். பல போன்கள் திரை அணைந்த சில நிமிடங்களில், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். பத்தாவது கொண்டை ஊசி வளைவில் திரை அணைந்து, பதினேழாவதில் போனை வெளியே எடுத்தால், இரண்டுக்கும் நடுவில் மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நேர்க்கோடு மட்டும் இருக்கும். நடுவில் இருக்கும் வளைவு ஒன்றுகூடப் பதிந்திருக்காது.

போன் செட்டிங்கில் ஆஸ்மாண்டுக்கு இரண்டு இடத்தில் மாற்றம் வேண்டும். பேட்டரிப் பகுதியில் "கட்டுப்பாடு இல்லை". லொகேஷன் பர்மிஷனில் "துல்லியமான இடம்" ஆனில் இருக்க வேண்டும். "எப்போதும் அனுமதி" என்ற விருப்பம் இருந்தால் அதையும் கொடுங்கள். சில கம்பெனி போன்களில் இது போதாது. சமீபத்தில் திறந்த ஆப்களின் பட்டியலில் அந்த ஆப்பைப் பூட்டவும் வேண்டும், தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும். செய்துவிட்டு, வீட்டைச் சுற்றி பத்து நிமிடம் போனைப் பாக்கெட்டில் போட்டு நடந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடிவாரத்திலேயே இடத்தைப் பிடிக்க வையுங்கள்

போன் தன் இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்ற விவரமும் வேண்டும். அந்த விவரத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோளே அனுப்பும், ஆனால் வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில். ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை விவரம் 30 வினாடிக்கு ஒரு முறை திரும்ப வரும். நடுவில் மரமோ பாறையோ மறைத்தால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். டேட்டா இருந்தால் போன் இதையே நெட்டிலிருந்து நொடியில் எடுத்துக்கொள்கிறது. மலையில் ஜிபிஎஸ் தாமதமாக எழுந்திருப்பது இதனால்தான்.

எனவே அடிவாரத்தில் டவர் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து, நீலப் புள்ளி நிலையாக நிற்கும் வரை பாருங்கள். எடுத்த விவரம் சில மணி நேரம் தாங்கும். மேலே போய் ரொம்ப நேரம் கழித்துத் திறந்து புள்ளி வரவில்லை என்றால், வானம் திறந்த இடமாகப் பார்த்து ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே நடந்துகொண்டே போனை ஆட்டினால் இன்னும் தாமதமாகும்.

பதிவு

எத்தனை வினாடிக்கு ஒரு புள்ளி என்று கேட்கும். வண்டியில் போனால் ஒரு வினாடி, நடந்தால் மூன்று வினாடி. மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். ஐந்து வினாடிக்கு ஒரு புள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 28 மீட்டர் இடைவெளி, அதில் கொண்டை ஊசி வளைவின் வயிறு முழுக்கக் காணாமல் போகும். குறைந்தபட்சத் துல்லியம் என்ற இடத்தில் 20 மீட்டர் கொடுங்கள். அதைவிட மோசமான புள்ளிகளை ஆப்பே தள்ளிவிடும்.

பஸ்ஸில் என்றால் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் கண்ணாடி பக்கம் வையுங்கள். டீ குடிக்க நின்றால் பதிவை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் கடை இருக்கும் இடத்தில் பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி சிக்கலாகிவிடும். கிளியூர் அருவிக்கு இறங்கும்போது ஒரு பக்கம் பாறை வானத்தை மறைப்பதால் பாதை சற்று விலகித்தான் பதியும். இரண்டு அலைவரிசை வாங்கும் போன் என்றால் விலகல் குறையும். உங்கள் போன் அப்படியா என்பதை ஜிபிஎஸ்டெஸ்டில் எல்5 (அந்த இரண்டாவது அலைவரிசையின் பெயர்) என்று வருகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

உயரம் ஏன் 90 மீட்டர் குறைகிறது?

என்னை அதிகம் குழப்பியது இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியின் உயரம் 1,623 மீட்டர். திருத்தம் இல்லாமல் பதிவு செய்தால் போன் 1,530 பக்கமாகக் காட்டும். ஜிபிஎஸ் உயரத்தில் பத்து, பதினைந்து மீட்டர் ஆட்டம் சகஜம். ஆனால் 90 மீட்டர், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகக் குறைகிறது என்றால் அது சிக்னல் கோளாறாக இருக்க முடியாது.

ஜிபிஎஸ் பூமியை ஒரு வழவழப்பான, சற்று அமுங்கிய கோளமாக வைத்துக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து உயரத்தை அளக்கிறது. நாம் சொல்லும் உயரம் கடல் மட்டத்திலிருந்து. கடல் மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டிப் போவதில்லை, ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம் அந்தக் கற்பனைக் கோளத்துக்குச் சுமார் 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடும் இருக்கிறது. சேலம் பகுதியில் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். ஆண்ட்ராய்டு ஆப்களுக்குக் கொடுக்கும் வழக்கமான உயரம் கோளத்திலிருந்து அளந்தது என்பதால் நமக்கு எல்லாமே குறைவாகத் தெரிகிறது.

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது தலைகீழ். அங்கே கடல் மட்டம் கோளத்துக்கு மேலே இருப்பதால் போன் கூடுதலாகக் காட்டும். அங்கிருந்து எழுதும் விளக்கங்களில் "இத்தனை மீட்டர் கழியுங்கள்" என்று இருப்பதை அப்படியே இங்கே செய்துவிடாதீர்கள். நாம் கூட்ட வேண்டும்.

சரிபார்க்க ஏற்காடு வரை போக வேண்டியதில்லை. சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரமும் போட்டிருக்கும். அதன் பக்கத்தில் திறந்த வானத்தின் கீழ் நின்று ஜிபிஎஸ்டெஸ்டைத் திறங்கள். அதில் உயரம் இரண்டு வரியாக வரும்: ஒன்று கோளத்திலிருந்து, இன்னொன்று கடல் மட்டத்திலிருந்து. சேலம் நகரம் 280 மீட்டர் பக்கம் இருப்பதால் முதல் வரியில் 190 சுமாரும், இரண்டாவதில் பலகைக்கு நெருக்கமான எண்ணும் வரும். முதலில் இறக்கிய உயரத் திருத்தக் கோப்பு ஆஸ்மாண்டில் இருந்தால் அது தானாகவே இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும்.

பதிந்த பாதையை வரைபடத்தில் சேர்க்க

ஆஸ்மாண்டும் ஆர்கானிக் மேப்ஸும் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம். 2004-ல் பிரிட்டனில் தொடங்கியது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைவது. சேலத்துக்காரர்கள் வரைந்தால்தான் ஏற்காட்டின் சின்னப் பாதைகள் அதில் வரும். பதிவை ஜிபிஎக்ஸ் (போன பாதையைப் புள்ளிகளாகச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக வெளியே எடுத்து, கணினியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்கி, திருத்து என்பதை அழுத்தி, கோப்பை வரைபடத்தின் மேல் இழுத்துப் போட்டால் உங்கள் பாதை கோடாக வரும். அதைப் பார்த்து ரோட்டை வரையலாம். தமிழில் பெயர் எழுதத் தனி இடம் உண்டு, தயவுசெய்து அதை நிரப்புங்கள்.

மரத்தடியில் ஒரே ஒரு முறை போன பாதையை மட்டும் நம்பி ஏற்கனவே இருக்கும் ரோட்டை நகர்த்தாதீர்கள். ஏறியது, இறங்கியது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு நடுவில் வரையுங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயரோ ரோடோ காப்பி அடிக்கவே கூடாது, உரிமப் பிரச்சினை. எஸ்டேட் ரோடு பலவும் தனியார் ரோடு. அதைத் தனியார் வழி என்றே குறியுங்கள், கேட் இருந்தால் கேட்டையும் போடுங்கள். நீங்கள் போட்ட கோட்டை நம்பி வெளியூர்க்காரர் ஒருவர் இருட்டில் பூட்டிய கேட் முன்னால் வந்து நிற்கக் கூடாது. கோப்பை யாருக்கும் அனுப்பும் முன் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பகுதியை வெட்டிவிடுங்கள். அதில் நேரமும் சேர்ந்தே இருக்கும்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடத் தகவல் சேகரிக்க முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. பாதுகாப்பு சார்ந்த சில இடங்கள், விவரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று நிறையப் பேர் சொன்னார்கள். டவர் இல்லாத இடத்தில் போன் விடாமல் டவரைத் தேடுவது ஒரு முக்கியக் காரணம். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் இன்றைய போன்களில் ஜிபிஎஸ் ஓடும், பேட்டரி நன்றாகவே தாங்கும். தனியாகப் போனால் மட்டும் அவ்வப்போது அந்த மோடை எடுத்துவிட்டு, அழைப்பு ஏதும் வந்ததா என்று பாருங்கள்.

ஐபோன் ஆப்களுக்குக் கடல் மட்டத்திலிருந்தே உயரம் கொடுக்கிறது. அதில் 90 மீட்டர் சிக்கல் வராது, எதையும் கூட்ட வேண்டாம்.

ஒருவருக்குச் சேலத்திலேயே 370 மீட்டர் காட்டியது. அது இரட்டைத் திருத்தம். ஆண்ட்ராய்டு 14 முதல் கடல் மட்ட உயரத்தையும் ஆப்கள் நேரடியாகக் கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கும் ஆப்பில் பதிந்த பாதைக்கு இன்னொரு மென்பொருளில் மறுபடி 90 கூட்டினால் இப்படித்தான் ஆகும். ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் திருத்துங்கள்.

ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதே என்று கேட்டார்கள். அதில் உலகப் பொது நேரம்தான் எழுதப்படும், பதிவு சரியாகவே இருக்கிறது. கேமராவில் எடுத்த படங்களைப் பாதையோடு பொருத்தும்போது நேர மண்டலத்தை +5:30 என்று கொடுங்கள். அதற்கு முன் கேமரா கடிகாரத்தைப் போன் நேரத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் தள்ளியிருந்தாலே படம் அடுத்த வளைவுக்குப் போய்விடும்.