அம்மாவுக்கு நான்கு தட்டு: பள்ளியில் தமிழ்த் தட்டச்சைத் தொடங்குவது எப்படி

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஹைடெக் லேபில் 10 கணினிகள், என் ஏழாம் வகுப்பில் 32 பிள்ளைகள். முதல் வருடம், எனக்குப் பழகியது என்பதால், ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழும் முறையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்ப் புத்தகத்தை எங்கும் தடுமாறாமல் வாசிக்கும் ஒரு மாணவி ‘பழம்’ என்ற சொல்லில் நின்றுவிட்டாள். “டீச்சர், ழவுக்கு இங்கிலீஷில் என்ன எழுத்து?” என்றாள். இசட் என்றேன். “ஏன் டீச்சர் இசட்?” என்றாள். சொல்ல எனக்குப் பதில் இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளை, தமிழ் எழுதவே ஆங்கிலத்தின் அனுமதிக்குக் காத்திருந்தாள். அன்றோடு அந்த முறையை விட்டுவிட்டேன்.

மாற்றாக நான் எடுத்துக்கொண்டது தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். ஒன்றாம் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், இவ்வளவு தெரிந்தால் 247 எழுத்தும் கைக்கு வந்துவிடும்.

கணினியில் இதைக் கொண்டுவருவது சிரமமில்லை. புதிய விண்டோஸ் என்றால் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். லினக்ஸிலும் இந்தப் பலகை உண்டு. கைப்பேசிக்குச் செல்லினம் செயலி போதும். லேபில் எல்லா இயந்திரத்திலும் நீங்களே முதல்நாள் மாலை போட்டுப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு அமைப்புகளைத் தேடினால் அந்தப் பாடவேளை போச்சு.

முதல் வகுப்பில் நடு வரிசையை மட்டும் கொடுங்கள். இடக்கையில் ஏ, எஸ், டி, எஃப், ஜி. இவை முறையே அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையில் எச் முதல் வரிசையாக க, ப, ம, த, ந, ய. இந்த 11 விசையிலேயே எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள்: மதி, அகம், தம்பி, பந்து, கம்பு, தந்தி, பக்கம், அப்பம், அம்மி. ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரவேண்டி வந்தால் அதையே வசதியாக்கிக்கொள்ளலாம். ஒருவர் சொல்லைப் பிரித்துச் சொல்ல, ஒருவர் தட்ட, மூன்றாமவர் திரையைப் பார்த்துத் திருத்தட்டும். “த, ம, ப, இ” என்று ஒரு பிள்ளை சொல்லி, திரையில் ‘தம்பி’ என்று விழும்போது லேபே ஒரு நிமிடம் சத்தமாகிவிடும். ம-வின் மேல் யாரும் புள்ளி வைக்கவில்லையே! இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் பலகையே புள்ளியை வைத்துக்கொள்ளும். ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும் அப்படித்தான். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. இன எழுத்துப் பாடத்தைப் பத்து வருடம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன், இவ்வளவு சீக்கிரம் பிள்ளைகளுக்குப் புரிந்து நான் பார்த்ததில்லை. (சில மென்பொருள்களில் தானாகப் புள்ளி விழாது. அப்போது எஃப் விசையைத் தட்டினால் போதும்.)

அடுத்து யாராவது ஒருவர் கட்டாயம் ‘நதி’ என்று அடிக்கப் பார்ப்பார். ‘ந்தி’ என்று வரும். பயந்துவிட வேண்டாம். ந-வுக்கும் த-வுக்கும் நடுவில் ஓர் அகரம் தட்டச் சொல்லுங்கள்: ந, அ, த, இ. இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிழை விழுந்து, “ஏன் இப்படி வருது?” என்று பிள்ளைகள் கேட்ட பிறகு, ‘ந’ என்றால் ‘ந்’ கூட ‘அ’ என்று சொல்லுங்கள். புணர்ச்சி நடத்தும்போது அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணையாக இருக்கும்.

இரண்டாம் நாள் மேல் வரிசை. அன்றைக்கே எல்லோரும் தங்கள் பெயரை அடிக்க வேண்டும் என்பார்கள். விடுங்கள், அதுதான் நல்ல பயிற்சி. ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்ட்டோடு மேல் வரிசையில் இடப்பக்கம் இருக்கின்றன. தன் பெயர் தன் விரலில் வராமல் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகக்கூடாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் படித்த ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சொல். அங்கே ‘கெ’ அடிக்கக் கொம்பை முதலில் தட்டியிருப்பீர்கள். இங்கே க முதலில், எ பிறகு. ஒரு வாரம் கை தடுமாறும், அப்புறம் சரியாகிவிடும்.

இன்னொன்று, பழைய எழுத்துருத் தொல்லை. பள்ளிக்கு வரும் வினாத்தாள் பலவும் இன்னும் பாமினியில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் ‘அம்மா’வைத் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பிள்ளைகள் எழுதுவது எதுவும் அப்படிப் படிக்க முடியாமல் போகக்கூடாது. எந்த இயந்திரத்திலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை 2010-இலேயே தமிழக அரசு ஏற்றுவிட்டது. தமிழ்99-இல் அடிப்பதை யூனிகோடிலேயே சேமியுங்கள். டிடிபி கடைக்காரரிடமும் யூனிகோடு கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

சரி, விரல் பழகிவிட்டது. எதை அடிப்பது? பாடப்புத்தகத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னால் இரண்டாவது வாரமே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் செய்வது இது. வீட்டில் பெரியவர் ஒருவரிடம், அவர் கையால் செய்த ஒரு வேலையைப் பற்றிக் கேட்டு, கைப்பேசியில் இரண்டே நிமிடம் பதிவு செய்து வரவேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதை எழுத்தாக்கவே மூன்று பாடவேளை ஆகும். பேச்சை அப்படியே எழுத்தாக்கும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறதே என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு நான் அதை அனுமதிப்பதில்லை. ‘அரை’யா ‘அறை’யா, ‘வலி’யா ‘வழி’யா என்று பிள்ளை காதைக் கொடுத்துக் கேட்டுத் தானே முடிவு செய்யும் அந்த நொடிக்காகத்தானே இவ்வளவும். பேச்சுச் சொல்லைத் திருத்தவும் வேண்டாம். ‘அப்பாயி’ என்றால் அப்பாயிதான், பாட்டி ஆக்காதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு பக்கம் சேர்ந்ததும் இதழாக்கிவிடுங்கள். ஏ4 தாளில் அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டலாம், பிடிஎஃப் ஆக்கிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். பிள்ளையின் பெயரும் வகுப்பும் போதும். படம், ஊர், கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். பதிவில் பேசிய பெரியவரிடமும் கேட்டுக்கொண்டு போடுங்கள்.

போன இதழில் ஒரு பையன், தன் அப்பாயி நெல் அவித்த கதையை எழுதியிருந்தான். ஊறப்போட்டது, அண்டாவில் அவித்தது, களத்தில் கொட்டிக் காலாலேயே தள்ளிக் காயவைத்தது என்று 14 வரி. பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அப்பாயியே வந்திருந்தார். படிக்கத் தெரியாதவர். பேரன் சுவரருகே நின்று வாசித்துக் காட்டினான். முழுவதும் கேட்டுவிட்டு, “ஊறப்போடுறதுக்கு முன்னாடி தண்ணியில அலசிப் பதரை எடுக்கணும்டா, அதை விட்டுட்டியே” என்றார். மறுநாள் மதிய இடைவேளையில் அவன் லேப் சாவி கேட்டு வந்தான். பதினைந்தாவது வரியைச் சேர்த்து அச்செடுத்து, பழைய தாளின் மேலேயே ஒட்டினான்.