கொட்டிலுக்கு எர்த்: இரும்புப் பைப் ஓடும் இடத்தில் எப்படிச் செய்வது?

வீட்டிலிருந்து 30 மீற்றர் தள்ளித் தகரக் கொட்டில். உள்ளே ஒரு குதிரைவலு மோட்டர். கிணற்றிலிருந்து ஒரு ஜி.ஐ. பைப் வந்து மோட்டரில் ஏறி, பக்கத்து மாட்டுக்கொட்டிலின் தண்ணீர்த் தொட்டிவரை போகிறது. நம் இலங்கையின் வன்னியில் பாதி வளவுகள் இப்படித்தான்.

மாரியில் மோட்டரின் சுற்றுக்குள் ஈரம் ஏறி, கறண்ட் அதன் உடம்புக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். எர்த் றொட்டின் தடை 100 ஓம் என்றால் 230ஐ 100ஆல் பிரிக்க 2.3 ஆம்பியர். 20 ஆம்பியர் பிறேக்கருக்கு இது ஒரு மின்விசிறிக் கூட்டம் ஓடுவது போலத்தான், விழாது. மோட்டரும் பைப்பும் தொட்டியும் ஏறக்குறைய 230 வோல்ட்டில் நிற்கும். நம் நாட்டில் மீட்டரோடு எர்த் வருவதில்லை, வளவுக்காரர்தான் மண்ணில் அடிக்க வேண்டும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிச் (கறண்ட் மண்ணுக்குக் கசிந்தால் உடனே விழுவது) இல்லாத கொட்டிலுக்கு எத்தனை றொட் அடித்தும் பயனில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

எந்த எர்த்? ஒரே ட்ரிப் சுவிச்சின் கீழ் வரும் எல்லா உலோக உடம்புகளும் ஒரே எர்த்தில் சேர வேண்டும். ஆகவே கொட்டிலுக்குப் போகும் வயரோடு பச்சை மஞ்சள் கம்பியும் வீட்டுப் பெட்டியிலிருந்தே போகட்டும். கொட்டிலடியில் இன்னொரு றொட் அடித்து அதையும் அதே கம்பியில் சேருங்கள். வயர் 2.5 சதுர மி.மீ. என்றாலும் எர்த்தை 6 ஆக எடுங்கள் (கடையில் 7/1.04 என்று கேட்கலாம்). பைப்பைக் கட்டப்போவதும் அந்தக் கம்பியில்தான். வயர்களை நிலத்துக்குள் தனிப் பைப்பிலிட்டு இரண்டடி ஆழத்தில் போடுங்கள். ஓரடியில் போட்டால் மண்வெட்டி ஒருநாள் கண்டுபிடிக்கும்.

றொட். 16 மி.மீ. செம்பு பூசிய றொட், நாலடி நீளம். நாலடியில் நிற்க வேண்டாம். இணைப்பானால் இன்னொன்றைப் பூட்டி எட்டடி இறக்குங்கள். ஒரே தன்மையுள்ள மண்ணில் நாலடி றொட் 100 ஓம் காட்டினால் எட்டடி 56 அளவில் வரும். வன்னியில் அதைவிடவும் லாபம் உண்டு, ஆடி ஆவணியில் மேல்மண் காய்ந்து தூளானாலும் கீழே ஈரம் இருக்கும். கல் தட்டி இறங்காவிட்டால் எட்டடி தள்ளி இரண்டாவது றொட் அடித்து இணையுங்கள். ஓரடி இடைவெளியில் இரண்டு அடிப்பது ஒன்றை அடித்த மாதிரித்தான்.

இடம் முக்கியம். கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தியின் ஓரம் வளவிலேயே சிறந்த இடம். மன்னாரில் முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களி மாரியில் நல்ல எர்த் தரும். கோடையில் வெடித்து றொட்டை விட்டு விலகிவிடும், அங்கே ஆழம் இல்லாமல் முடியாது. உப்பும் கரியும் போடும் பழக்கம் ஓரிரு மழைவரை வேலை செய்யும்; பிறகு உப்பு கரைந்து போய்விடும், போகும்போது கிளாம்பையும் அரித்துவிட்டுப் போகும். றொட்டின் தலையை மண்ணில் புதைக்காமல் சிறு குழி கட்டி மூடியிடுங்கள்.

குழாய்க்கிணற்றின் இரும்புக் குழாயையே எர்த்தாக வைத்திருக்கும் வளவுகள் நிறைய. பைப் வேலைக்காரர் இடையில் ஒரு பிவிசி துண்டு போட்ட அன்றே எர்த் போய்விடும். யாருக்கும் தெரியாது.

பைப்பைக் கட்டுதல். மண்ணிலிருந்து அல்லது கிணற்றிலிருந்து கொட்டிலுக்குள் நுழையும் இரும்புப் பைப்பைக் கட்டாயம் எர்த்தோடு இணைக்க வேண்டும். பிவிசி வழியாக வந்து, சுவரில் மட்டும் இரண்டு முழம் இரும்பாக நிற்கும் குழாய்க்கு அது தேவையில்லை. கட்டும் இடம் பைப் உள்ளே நுழைந்த உடனே, முதல் வால்வுக்கு முன்னால். துரு, பெயின்ற் எல்லாவற்றையும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, பித்தளைக் கிளாம்பைப் போட்டு இறுக்குங்கள். செம்புக் கம்பியை நேராகப் பைப்பில் சுற்றினால் ஈரம் பட்டுப் பைப்பில் பூசிய சிங்கு (துத்தநாகம்) அரித்து, மூன்றாம் மாரியில் கம்பி கையோடு வரும். கம்பி 6 சதுர மி.மீ., இடையில் முறுக்கி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக.

மாட்டுக்கொட்டிலில் இன்னும் கவனம் வேண்டும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் வரை இருக்கும், கறண்ட் போகும் வழியில்தான் நெஞ்சு. நமக்குத் தெரியாத சிறு கசிவும் அதற்குத் தெரியும்: தொட்டிக்கு வந்து, மூக்கை நீட்டி, திடுக்கிட்டுப் பின்வாங்கும். அப்படி இரண்டு மாடு செய்தால் மெயினை நிறுத்திவிட்டுத் தேடுங்கள். தொட்டி, கட்டுக்கம்பம், தகரச் சட்டம் எல்லாவற்றையும் 4 சதுர மி.மீ. கம்பியால் ஒன்றோடொன்று இணையுங்கள். புதிதாகச் சீமெந்துத் தளம் போடுவதென்றால் உள்ளே கம்பிவலை விரித்து அதையும் சேருங்கள். பிறகு நினைத்தால் தளத்தை உடைக்க வேண்டும்.

சோதனை. மெயினை நிறுத்தி, கொட்டிலின் எர்த் முனையிலிருந்து பைப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓம் அளக்கும் மீற்றர் (மல்டிமீற்றர்) பிடியுங்கள். மீற்றரின் இரு முனைகளையும் தொடவைத்தால் வரும் அளவைக் கழித்து அரை ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். திடீரென்று எண்ணே வராவிட்டால் நடுவில் பிவிசி இருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டுங்கள். றொட்டின் தடையை எர்த் ரெஸ்ரர் வைத்திருக்கும் எலக்ட்ரீசியனைக் கொண்டு ஆவணியில் அளப்பியுங்கள். மார்கழியில் எந்த மண்ணும் நல்ல எண் காட்டும். 30 மில்லி ஆம்பியருக்குக் கணக்குப்படி 1,600 ஓமும் போதும், ஆனால் 200ஐத் தாண்டிய எர்த் மண் காயும்போது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் 100 வாட் குண்டு பல்ப் பிடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். 200 ஓம் எர்த்திலும் அது மஞ்சளாக எரியும், அந்த நேரம் எர்த்தில் தொடுத்த அத்தனை உலோகத்திலும் 60 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். எர்த் கிடைக்காத இடத்தில் நியூட்ரலை மோட்டர் உடம்பில் தொடுப்பது அதைவிட மோசம்: நியூட்ரல் கழன்ற நிமிடம் உடம்பு முழு 230.

ட்ரிப் சுவிச்சின் ‘ரெஸ்ற்’ பொத்தானை மூன்று மாதத்துக்கொருமுறை அழுத்துங்கள். அது சுவிச் விழுகிறதா என்று மட்டும் காட்டும்; எர்த் அறுந்திருந்தாலும் விழத்தான் செய்யும். எனவே அன்றைக்கே குழியின் மூடியையும் தூக்கி, எறும்புப் புற்றைத் தட்டிவிட்டு, கிளாம்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பெட்டிக்குள் செய்யும் வேலை முழுவதும் எலக்ட்ரீசியனுடையது. குழி தோண்டுவதும் பைப் சுரண்டுவதும் உங்களுடையது.