ஏ9 வீதியில் ஸ்பீட் கன்னில் மாட்டினால்: சாரதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் இருக்கும் மச்சான் வேகமாக ஓடினால் வீதியோரக் கம்பத்தில் இருக்கும் கமரா படம் எடுக்கும், சில நாளில் வீட்டுக்குக் கடிதம் வரும். வன்னியில் அந்தக் கமரா ஒரு பொலிஸ்காரரின் கையில் இருக்கிறது. ஓமந்தை தாண்டி நேராக நீளும் கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதியில் ஒரு மரநிழலில் அவர் நிற்பார். நீங்கள் அவரைக் காண முன்னரே அவர் உங்களைக் கண்டுவிடுவார். கொஞ்சத் தூரத்தில் இன்னொருவர் கையைக் காட்டி மறிப்பார். பிறகு துண்டு, அதாவது தண்டச் சீட்டு, எழுதுவது.

அந்தத் துண்டுக்குரிய தண்டம் பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான். அதை வழக்காகவும் பிடியாணையாகவும் வளர்த்துவிடுவது அதற்குப் பிறகு நாங்கள் செய்கிற வேலைகள். மறித்த இடத்தில் ஒரு மணித்தியாலம் வாதாடியவர், அடுத்த இரண்டு கிழமை துண்டை மறந்துபோவதை எங்கள் பக்கத்தில் எத்தனையோ தடவை பார்க்கலாம்.

முதலில் வேகத்தைப் பற்றிய கணக்கு. "ஏ9 இல 70 ஓடலாம்" என்ற நம்பிக்கை இங்கே ஊறிப்போனது. அது அரை உண்மை. கார், வான், மோட்டார் சைக்கிளுக்கு 70 என்பது குடிமனை இல்லாத பகுதிக்கு. கடையும் வீடும் நெருங்கிய பகுதிக்குள் வந்தால் 50. ஓட்டோவுக்கு 40தான். லொறி, பஸ், பெட்டி இழுக்கிற வாகனங்களுக்குத் தனித்தனி எல்லை இருக்கிறது, கார்க்காரனைப் பார்த்து ஓட முடியாது. போருக்குப் பிறகு காப்பெற் போட்ட வீதி என்பதால் புளியங்குளமும் கனகராயன்குளமும் மாங்குளம் சந்தியும் காலுக்குத் தெரியாமலே கடந்துவிடுகின்றன. முன்பு கிடங்கும் பள்ளமும் எங்கள் வேகத்தைப் பார்த்துக்கொண்டன, இப்போது அந்த வேலை எங்களுடையது.

இதில் காசு எங்கே இருக்கிறது என்றால், தண்டம் எல்லையை எத்தனை சதவீதம் மீறினீர்கள் என்பதைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். 20 சதவீதம் வரை ஒரு படி, அது 3,000 ரூபா. அதற்கு மேலே 30 வரை, 50 வரை, 50க்கு மேலே என்று அடுத்தடுத்த படிகள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பரந்தன் சந்தியை நெருங்கும்போது 50 எல்லைக்குள் 70 இல் வருகிறவர் "நான் சட்டப்படிதான் வந்தனான்" என்று நினைத்துக்கொண்டு வருகிறார். உண்மையில் அவர் 40 சதவீதம் மீறியிருக்கிறார், மூன்றாம் படியில் நிற்கிறார். 76 என்றால் கடைசிப் படி. துண்டைப் பார்த்ததும் "இதென்ன அநியாயம்" என்று சத்தம் போடுகிறவர்களில் அரைவாசிப் பேரின் பிரச்சினை இந்தக் கணக்குத்தான்.

எதிரில் வருகிறவன் லைற் அடித்துக் காட்டுவதை நம்பி ஓடுவது அடுத்த பிழை. அந்தப் பழக்கத்தில் ஒரு பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வன்னியில் லைற் அடித்தால் பொலிஸ் என்று மட்டும் பொருள் இல்லை. வீதியில் மாடு படுத்திருக்கலாம், உழவு இயந்திரம் லைற் இல்லாமல் நிற்கலாம், இரவென்றால் யானையும் நிற்கலாம். லைற் அடித்ததும் குறைத்து, பொலிஸைத் தாண்டியதும் மிதிக்கிறவர் அந்த மாட்டில்தான் போய் மோதுவார்.

ஸ்பீட் கன்னைப் பற்றிச் சாரதிமார் சொல்லும் கதைகள் தனி ரகம். "கோணலாப் பிடிச்சால் கூடக் காட்டும்" என்பார்கள். நேர்மாறு. லேசர்க் கருவி தனக்கும் வாகனத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு நொடியின் சிறு பங்குக்குள் பல தடவை அளந்து, அந்தத் தூரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்கிறது. வீதியோரத்தில் கோணலாக நின்று பிடித்தால் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும், லாபம் சாரதிக்கு. "கண்டவுடன பிறேக் அடிச்சிட்டன்" என்பதிலும் பயன் இல்லை. 70 இல் ஓடும் வாகனம் ஒரு நொடியில் 19 மீற்றருக்கு மேல் போகும். உங்கள் கால் பிறேக்குக்குப் போக முன்னரே அளவு எடுத்து முடிந்திருக்கும். பின்னால் வருகிற லொறிக்காரன் உங்கள் மேல் ஏறாமல் விட்டால் புண்ணியம்.

நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: அளந்தது என் வாகனத்தையா? லேசர்க் கற்றை போகப் போக விரியும். 300 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலம், ஒரு கிலோமீற்றரில் மூன்று மீற்றர் அளவு. பக்கத்துப் பக்கமாக இரண்டு வாகனம் வந்திருந்தால், நீங்கள் முந்தப்படும் நேரம் அளந்திருந்தால், அதைக் கேட்பதில் பிழை இல்லை. "சேர், எத்தினையில வந்தனான் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். திரையில் வேகத்தோடு தூரமும் இருக்கும். படம் எடுக்கிற கருவி என்றால் இலக்கத் தகடும் தெரியும். கேட்கும் முறையில்தான் எல்லாம். வாகனத்துக்குள் இருந்தபடி கையை ஆட்டிக் கேட்டால் வருகிற பதில் வேறு.

உங்கள் மீற்றரை மட்டும் வைத்து வாதாடவும் வேண்டாம். தயாரித்து வரும்போது வாகன மீற்றர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. ஆனால் பெரிய ரயர் மாற்றினால் அந்தக் கணக்குக் குழம்பும். வயர் அறுந்து முள்ளே அசையாத மோட்டார் சைக்கிள்கள் எங்கள் ஊரில் எத்தனை ஓடுகின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் போட்டு ஒருநாள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறித்த இடத்தில் செய்யும் மிக மோசமான வேலை ஆள் மாறுவது. மோட்டார் சைக்கிளில் ஓடியவனுக்கு லைசன்ஸ் இல்லை, பின்னால் இருந்த அண்ணனுக்கு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நிற்பாட்டி இடம் மாறி, "நான்தான் ஓடினனான்" என்று அண்ணன் லைசன்ஸை நீட்டுவார். கருவியில் படம் இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. லைசன்ஸ் இல்லாமல் ஓடுவது நீதிமன்றத்துக்குப் போகும் குற்றம், தண்டம் 25,000 ரூபாவில் தொடங்கும். ஓடக் கொடுத்தவரும் தப்பமாட்டார். பொய் சொன்னது மேலதிகம். வேகத்துக்குரிய சில ஆயிரத்தை மறைக்கப் போய் இரண்டு பேரும் நீதவான் முன்னால் நிற்பார்கள்.

லைசன்ஸ் உறைக்குள் ஆயிரம் ரூபாத் தாளை மடித்து வைத்துக் கொடுப்பதும் அதே வகை. வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி என்றுதான் சட்டம் சொல்கிறது. கேட்கிறவர் பொலிஸ்காரராக இருந்தால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. "எங்கட ஆளோட ஒருக்காக் கதையுங்கோ சேர்" என்று போனை நீட்டுவதையும் விட்டுவிடலாம். எழுதத் தொடங்கிய துண்டைக் கிழிக்க யாராலும் ஏலாது. உங்கள் ஆளின் பெயர்தான் கெடும்.

இனித் துண்டுக்கு வருவோம். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அவர் தரும் அந்தத் தாள் 14 நாளுக்கு உங்கள் தற்காலிக அனுமதிப்பத்திரமும்கூட. கையில் வாங்கியதும் அந்த இடத்திலேயே வாசியுங்கள்: திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், குற்றம், எந்தப் பொலிஸ் நிலையம். விளங்காத மொழியில் எழுதியிருந்தால் என்ன எழுதியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, கேட்பது உங்கள் உரிமை. பிறகு இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். சேட் பொக்கற்றில் மடித்து வைத்த துண்டு அடுத்த நாள் தோய்க்கும் வாளிக்குள் கூழாகிப் போனால், எந்த நிலையம் என்றுகூடத் தெரியாமல் அலைய வேண்டி வரும்.

14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் எழுதிய தொகை. அது தாண்டி 28 நாள் வரை இரட்டிப்பு. அதற்கும் பிறகு வழக்கு. "இரண்டு கிழமை இருக்குதானே" என்று விடுகிறவர்கள் ஞாயிறு, போயா, சித்திரை வருடப்பிறப்பு எல்லாம் கழித்துப் பார்ப்பதில்லை. அறுவடைக் காலத்தில் இது இன்னும் மோசம். நெல் ஏற்றுகிற லொறிக்காரர் துண்டைக் கண்ணாடிக்கு மேலே செருகிவிட்டு அடுத்த லோட்டுக்குப் போவார், பதினைந்தாம் நாள் வேறொரு சந்தியில் மறிக்கும்போதுதான் ஞாபகம் வரும். அன்று அவரிடம் லைசன்ஸும் இல்லை, செல்லுபடியான துண்டும் இல்லை.

2025 இல் அரசின் இணையக் கொடுப்பனவு முறையான கோவ்பே மூலம் போனிலேயே கட்டும் முறை தொடங்கியது. முதலில் நாட்டின் சில பகுதிகளில் வந்து பிறகு விரிந்தது. இதன் பெரிய நன்மை, அந்த இடத்திலேயே கட்டிவிட்டால் லைசன்ஸை விட்டுவிட்டு வரத் தேவையில்லை என்பது. மறித்தவரிடமே "கோவ்பேயில கட்டலாமோ சேர்?" என்று கேளுங்கள். ஏலும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஏன் என்றால் தண்டத்தைவிட லைசன்ஸை மீட்பதுதான் எங்களுக்குச் செலவு. விசுவமடுவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஹயர் போன வான்காரரை மதவாச்சியில் மறித்துத் துண்டு எழுதினால், அவருடைய லைசன்ஸ் அந்தப் பகுதி நிலையத்தில் இருக்கும். காசை இங்கே கட்டினாலும் பற்றுச்சீட்டோடு அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் உழைப்பும் டீசலும் போய்விடும். அடுத்த ஹயருக்குப் போகிற வழியில் எடுக்கலாம் என்று நினைத்தால், அந்த ஹயர் 14 நாளுக்குள் வருமா என்றும் பாருங்கள்.

அளவு பிழை என்று உண்மையாகவே நம்பினால் கட்டாமல் வழக்குக்குப் போகலாம், அது குற்றமில்லை. கட்டிவிட்டுப் பிறகு வாதாட முடியாது என்பதால் கட்டுவதா, வழக்குக்குப் போவதா என்று முதலே முடிவெடுங்கள். போவதென்றால் அன்றே இடத்தைக் குறித்து வையுங்கள்: எத்தனையாம் கிலோமீற்றர்க் கல், வேகப் பலகை இருந்ததா, பக்கத்தில் எந்த வாகனம், கூட இருந்தவர் யார். வழக்கு மாட்டிய இடத்து நீதிமன்றத்தில் நடக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்றால் தமிழில் நடக்கும். மாகாண எல்லைக்கு அப்பால் என்றால் மொழிபெயர்ப்புக் கேட்கலாம். என் கருத்தைக் கேட்டால், வேறு வாகனத்தை அளந்தார்கள் என்று காட்ட ஏதாவது கையில் இருந்தால் போங்கள். "நான் அவ்வளவு வேகமா வரேல்லை" என்பது மட்டும்தான் இருக்கிறதென்றால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தண்டத்தைத் தாண்டிவிடும். எப்படியானாலும் தவணைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பிடியாணை வருவது அப்படித்தான்.

கடைசியாக ஓப்பின் பேப்பர் வாகனம், அதாவது கை மாறியும் பதிவில் பெயர் மாற்றாத வாகனம். கொழும்பில் 2024 தொடக்கத்திலிருந்து சீசீரிவி கமராவில் பார்த்தும் போக்குவரத்துக் குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்கிறார்கள். அங்கே யாரும் மறிப்பதில்லை, இலக்கத் தகட்டைப் பார்த்துப் பதிவிலுள்ள உரிமையாளருக்கு அறிவித்தல் போகும். வன்னியில் ஓடுகிற வாகனங்களில் எத்தனை இன்னும் முதல் உரிமையாளரின் பெயரில் இருக்கின்றன! மூன்று கை மாறிய ஹையேஸுக்கு அறிவித்தல் நீர்கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். அவர் உங்களைத் தேடுவார், அல்லது விற்றுவிட்டேன் என்று பொலிஸில் எழுதிக் கொடுப்பார். பெயர் மாற்றியவர்களிலும் பலரின் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இடம்பெயர முன்னர் இருந்த விலாசம்தான் கிடக்கிறது. அந்த வளவில் இன்று பற்றை, தபாற்காரர் யாரிடம் கொடுப்பார்? விற்றவரும் வாங்கியவரும் உரிமை மாற்றத்தை 14 நாளுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விலாசம் மாறியிருந்தால் அதையும் திருத்துங்கள். விற்றுவிட்டுப் பேசாமல் இருப்பவருக்கே இதில் ஆபத்துக் கூட.

வெளிநாட்டிலிருந்து வந்து வாடகைக் கார் எடுத்து ஓடும் உறவுகளுக்கும் ஒன்று. அங்கத்தைய லைசன்ஸை மட்டும் நீட்டினால் இங்கே செல்லாது, இலங்கையில் ஓடுவதற்குரிய அனுமதியை எடுத்துவிட்டே ஸ்ரீயரிங்கைத் தொடுங்கள். தண்டத்தைக் கட்டாமல் விமானம் ஏறினால் வாகனத்தை வாடகைக்குத் தந்தவருக்கும் தொல்லை வரலாம். வானை ஹயருக்கு எடுக்கிறவர்கள் "கெதியா விடு தம்பி, பிளைற் பிந்திடும்" என்று பின்னால் இருந்து நெருக்குவதும் நடக்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். 70க்குப் பதில் முழுத் தூரமும் 90 இல் ஓடினாலும் மிச்சப்படுவது கால் மணித்தியாலம்தான். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்க இறங்கினால் அது அங்கேயே போய்விடும். துண்டு எழுதினால் தண்டம் சாரதியுடையது, நெருக்கியவருடையது அல்ல. அதனால் ஹயர் பேசும்போதே வெளிக்கிடும் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிப் பேசிக்கொள்ளுங்கள்.